பாதிக் கப்பல்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முட்டிவலி என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில் ஒரு மரக்கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மகளோடு கடல்சார் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனேன். சுவரில் ஒரு பலகை, அதன்மேல் 19-ஆம் நூற்றாண்டு வணிகப் பாய்மரக் கப்பலின் உடல், நெடுக்குவாட்டில் பாதி மட்டும். பாய் இல்லை, கயிறு இல்லை. "மீதிப் பாதி களவு போய்விட்டதா?" என்று கேட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இடமும் வலமும் ஒன்றுபோலவே இருக்கும்போது இரண்டையும் எதற்குச் செதுக்க வேண்டும்?

நான் அதை அலங்காரப் பொருள் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் பல பட்டறைகளில் கப்பலின் வரைபடமே இதுதானாம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, ஆணியால் இறுக்கி, தன் கண்ணையும் கையையும் நம்பிக் கட்டுபவர் செதுக்குவார். வளைவு சரிதானா என்று விரலால் தடவிப் பார்ப்பார். திருப்தியானதும் ஆணியைக் கழற்றினால் அடுக்குகள் தனித்தனியாக வந்துவிடும். ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் ஒரு நீர்மட்டக் கோடு, அதாவது அந்த உயரத்தில் கப்பலைக் கிடையாக வெட்டினால் தெரியும் வளைவு. அதை அளந்து, பெரிய கூடத்தின் தரையில் நிஜ அளவுக்குப் பெருக்கி வரைவார்கள். கப்பலுக்கு விலா எலும்புபோல நிற்கும் சட்டங்களுக்கான அச்சு அங்கிருந்துதான் பிறக்கும். அடிக்குக் கால் அங்குலம் என்பது வழக்கமாகப் புழங்கிய அளவுகளில் ஒன்று. 200 அடிக் கப்பல் 50 அங்குலத்தில் அடங்கிவிடும். ஆனால் உளி ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தரையில் அது 48 மில்லிமீட்டர்!

வயிற்றைப் பார்த்தே கப்பலின் பிழைப்பைச் சொல்லிவிடலாம். நான் பார்த்தது நல்ல தொந்தி. மெதுவாகப் போனாலும் சரக்கு நிறைய ஏற வேண்டும் என்று நினைத்த முதலாளியின் கப்பல். வேகத்துக்காகவே கட்டிய கிளிப்பர் என்ற பாய்மரக் கப்பல் வகை இதற்கு நேரெதிர், முகப்பு கத்தி மாதிரி இருக்கும். 1851-இல் கிழக்கு பாஸ்டனில் டொனால்ட் மெக்கே கட்டிய ஃபிளையிங் கிளவுட் என்ற கிளிப்பர், நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோவுக்கு 89 நாளில் போய்ச் சேர்ந்தது.

சில பாதிக் கப்பல்களை முகம் பார்க்கும் கண்ணாடியில் பதித்து முழுக் கப்பல்போலக் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பாதி பாதியாகவே இருக்கட்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் ஐந்து பைன் பலகைகளை அடுக்கி நானும் ஆரம்பித்தேன். தொந்திக் கப்பல்தான் செய்ய நினைத்தேன். முகப்பில் ஒரு மேடு தெரிந்தது, இழைத்தேன். பக்கத்தில் பள்ளம் தெரிந்தது, அதற்காக இன்னும் இழைத்தேன். இப்போது அது கிளிப்பர் ஆகிவிட்டது. இதே வேகத்தில் போனால் அடுத்த வாரம் படகு, அதற்கடுத்த வாரம் துடுப்பு.

நீ மரவேலை தெரிந்தவன். வளைந்த இடத்தை இழைக்க உன்னிடம் ஒரு சின்ன இழைப்புளி இருந்ததே, அதை அனுப்பி வை. நீயே எடுத்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது கட்டையை நீ வரும்வரை தொடமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி