ஆட்டோதானே அடிபட்டது என்று விட்டுவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில் சொந்த ஆட்டோ ஓட்டுகிறவன். சொந்தம் என்றாலும் ஃபைனான்ஸ் இன்னும் முடியவில்லை, மாதம் தவறாமல் டியூ கட்டி வருகிறேன். ஒரு வாகனத்தை இடித்துவிட்டு நிற்காமல் போகிறவர்களைப் பற்றியும், ஆளுக்குக் காயமில்லை என்றால் அந்தப் புகாரை யாரும் கையில் வாங்க மறுப்பதைப் பற்றியும் எழுதுகிறேன். உங்கள் நாளிதழில் 'அடையாளம் தெரியாத வாகனம் மோதி' என்று தொடங்கும் செய்திகளை அடிக்கடி படிக்கிறேன். அவை உயிர் போன செய்திகள். அந்தக் குடும்பங்களின் இழப்புக்கு முன்னால் என் ஆட்டோ ஒன்றுமே இல்லை. ஆனால் அதே மாதிரி இடித்துவிட்டு ஓடியவரால் பிழைப்பு நின்றுபோகிறவர்களும் இந்த ஊரில் நிறைய இருக்கிறோம். எங்களைப் பற்றி எந்தப் பக்கத்திலும் செய்தி வருவதில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின இரவு அது. விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து பூக்காரர்களையும் அவர்கள் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் விடுவதுதான் எனக்கு முக்கியமான சவாரி. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறும், சவாரியும் கூடும். வைகைக்கு வடக்கே நான் குடியிருக்கும் தெருவில், சுவரை ஒட்டி, தெருவிளக்குக்குக் கீழேதான் ஆட்டோவை நிறுத்தியிருந்தேன். நள்ளிரவு தாண்டி 'டமார்' என்று ஒரு சத்தம். கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் தெரு முனையில் திரும்பும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. எதிரே கல்யாண மண்டபத்துக் காவலாளி ஓடிவந்து, "வெள்ளைக் கலர் லோடு வண்டிண்ணே, ரிவர்ஸ் எடுத்தவன் அப்படியே விட்டு ஏத்திட்டான். இறங்கிப் பார்த்தான், பார்த்துட்டுத்தான் போனான்" என்றார்.

இடித்தது தெரியாமல் போயிருந்தால் அது வேறு. இறங்கி, நசுங்கிக் கிடப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி ஓட்டிப் போனதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வலது பின்பக்க பாடி உள்ளே போய்விட்டது. பின் சக்கரத்தைத் தாங்கும் 'ஆர்ம்' என்கிற கை வளைந்து, சக்கரம் கோணி நின்றது. டாப்பைத் தாங்கும் பைப் ஒன்று முறிந்திருந்தது. டிங்கரிங், பெயின்டிங், உதிரிபாகம் எல்லாம் சேர்த்துப் பட்டறையில் 26,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வண்டி பட்டறையில் நின்ற நாட்களில் வருமானமே கிடையாது, டியூ மட்டும் நின்றபாடில்லை. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. பாடி நசுங்கிய ஆட்டோவைக் கொண்டுபோய் ஆய்வாளர் முன்னால் நிறுத்த முடியாது. எஃப்.சி. இல்லாமல் ரோட்டில் ஏற்றவும் முடியாது. சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு ஒரு நசுங்கல் மனக்கஷ்டத்தோடு போகும். எங்களுக்கு அது வேலையே போவதற்குச் சமம்.

100-க்கு இரவே கூப்பிட்டேன், காலையில் மனுவோடு காவல் நிலையம் போனேன். எந்த நிலையம் என்று எழுதவில்லை. ஒரு நிலையத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல, வேறு வேறு பகுதியில் ஓட்டும் எங்கள் ஸ்டாண்டுத் தோழர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "யாருக்காவது அடியா?" இல்லை சார் என்றேன். "அப்புறம் என்னப்பா, இன்சூரன்ஸ்ல பார்த்துக்க" என்றார். இது நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடும் விஷயம் இல்லை என்று எழுத்தர் பொறுமையாகவே விளக்கினார். சரி, அப்படியே இருக்கட்டும். மனுவை வாங்கிக்கொண்டு, அது பதிவானதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பதற்கு என்ன தடை? அதற்கே பலமுறை நடக்க வேண்டியிருந்தது.

இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் போலப் பழைய வண்டி வைத்திருக்கும் பலர் தேர்டு பார்ட்டி பாலிசிதான் எடுக்கிறோம். அந்த பாலிசி என் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்குத்தான் பணம் கொடுக்கும், என் வண்டிக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. ஆனால் என்னை இடித்தவருடைய பாலிசியில் நான்தான் மூன்றாம் நபர். அவருடைய வண்டி நம்பர் மட்டும் தெரிந்துவிட்டால், எம்-பரிவாகன் செயலியிலேயே அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அந்த கம்பெனியிடமும் உரிமையாளரிடமும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மூலம் சேதத்துக்கு ஈடு கேட்கலாம். அதற்கு விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஆக எல்லாம் அந்த ஒரு நம்பரில்தான் இருக்கிறது. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தவருக்கும் முழு நிம்மதி கிடையாது. எங்கள் ஸ்டாண்டில் ஒருவருக்கு இதே மாதிரி நடந்தது. கிளைம் கொடுத்தார். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிட்டார்கள். கிளைம் இல்லாத வருடங்களுக்காக 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் நோ கிளைம் போனஸ் என்கிற பிரீமியத் தள்ளுபடியும் அடுத்த வருடம் போய்விட்டது. யாரோ ஒருவர் செய்த தப்புக்குத் தண்டனை கட்டியது இவர்.

இப்போது அந்த நம்பரைப் பற்றிச் சொல்கிறேன், என் மனசு அதிகம் வெந்தது இதில்தான். என் ஆட்டோ நின்ற இடத்தைப் பார்த்து இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று அடகுக்கடையில், இன்னொன்று மண்டபத்து வாசலில். தெருவுக்குத் தெரு கேமரா வையுங்கள், அது மூன்றாவது கண் என்று காவல்துறையே கடைக்காரர்களிடம் கேட்டு வைக்கச் சொன்ன கேமராக்கள் போன்றவைதான் இவை. அன்று காலையிலேயே அடகுக்கடைக்காரரிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர், விரட்டவில்லை. "தம்பி, எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா போட்டுக் காட்டி நாளைக்கு ஏதாவது தகராறுன்னா என்னையும் இழுப்பாங்க. ஸ்டேஷன்ல இருந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், பென் டிரைவ்ல ஏத்தியே தர்றேன்" என்றார். நியாயமான பேச்சு. நகை வைத்திருக்கும் கடை, அவருக்கும் பயம் இருக்கும். மண்டபத்து மேனேஜரும் அதையேதான் சொன்னார்.

ஒரு போன். நிலையத்திலிருந்து அந்தக் கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே நம்பர் கிடைத்திருக்கும். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி, ஆள் இல்லை என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. அவர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. இந்த கேமராப் பெட்டிகளில் இடம் நிரம்பியதும் பழைய பதிவு தானாக அழிந்து புதுசு ஏறிக்கொள்ளும். அடகுக்கடைப் பெட்டியில் சுமார் 15 நாள்தான் நிற்குமாம். ஒருவழியாக ஒரு இளம் காவலர் வந்தார். அக்கறையாகத்தான் கேட்டார், உட்கார்ந்து தேடினார். அந்த இரவு அழிந்துபோயிருந்தது. மண்டபத்திலும் அதே கதை.

இடித்த வண்டியின் பக்கக் கண்ணாடிக் கூடு ஒன்று உடைந்து என் ஆட்டோவுக்கு அடியில் கிடந்தது. பட்டறைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் என்ன மாடல் வண்டி என்று சொல்லிவிட்டார். நசுங்கிய இடத்தில் வெள்ளை பெயின்டும் ஒட்டியிருந்தது. ஆள் அடிபட்ட வழக்காக இருந்தால் இதையெல்லாம் முதல் நாளே எடுத்துக் கவரில் போட்டிருப்பார்கள். அந்தக் கூட்டை நான் நிலையத்துக்குக் கொண்டு போனேன், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

சட்டம் இப்படிப் பிரித்துப் பார்க்கச் சொல்லவில்லை. வழக்கறிஞரான என் மச்சான் மகள் 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். 134-வது பிரிவில், ஆளுக்குக் காயம் ஏற்பட்டாலும் சரி, அடுத்தவர் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலும் சரி, அங்கே போலீஸ் இல்லையென்றால் ஓட்டுநர் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். இதை மீறினால் 187-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2019-இல் திருத்துவதற்கு முன்னால் இந்த அபராதம் 500 ரூபாயாக இருந்ததாம். காயம்பட்டவருக்கு உதவ நிற்க முடியாத அளவுக்குக் கூட்டம் ஆத்திரப்பட்டால் என்ன செய்வது என்றுகூட அந்தப் பிரிவு யோசித்திருக்கிறது. என் தெருவில் அந்த நேரத்தில் கூட்டமும் இல்லை, ஆத்திரமும் இல்லை. ஒரே ஒரு காவலாளிதான் நின்றார்.

இடித்துவிட்டு ஓடிய வண்டியால் உயிர் போனால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அரசுத் திட்டம் இருக்கிறது. அதற்கு முன் அது 25,000-மும் 12,500-மும்தான். கோவை எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு நல்ல உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள் இடித்த வண்டி தெரியவில்லை என்றால், இப்படி ஒரு இழப்பீடு இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தப் பணம் உயிருக்கும் காயத்துக்கும் மட்டும்தான். அதில் நசுங்கிய வண்டிக்கும் பங்கு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது முறையும் இல்லை. எனக்குப் பணம் தர வேண்டியது அரசு அல்ல, இடித்தவரும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியும்தான். அவர் யார் என்று கண்டுபிடிக்க மட்டும் உதவி கேட்கிறேன்.

மதுரை மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக நான் வைக்கும் கோரிக்கை இதுதான். வாகனச் சேதம் மட்டும் உள்ள புகாராக இருந்தாலும், மனு வந்த அன்றே சி.எஸ்.ஆர். கொடுக்க வேண்டும். அந்த இடத்தைப் பார்க்கும் கேமரா எது என்று மனுவிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அன்றே அந்தக் கடைக்கோ வீட்டுக்கோ போன் செய்து, குறிப்பிட்ட அந்த ஒரு மணி நேரப் பதிவை மட்டும் அழியாமல் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். விசாரணை பிறகு நடக்கட்டும், ஆள் குறைவு என்றால் ஒரு மாதம்கூட ஆகட்டும். பதிவு பத்திரமாக இருந்தால் காத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உடைந்து கிடக்கும் பாகங்களையும் மனுவோடு வாங்கி வைக்கலாம். இதற்குப் புதுச் சட்டமோ செலவோ தேவையில்லை, நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

என் மாதிரி ஓட்டுநர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள், ஒட்டியிருக்கும் பெயின்டையும் உடைந்த துண்டையும் சேர்த்து. 100-க்குக் கூப்பிடுங்கள், அழைத்த நேரம் பதிவாகும். மனுவின் நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். கேமரா வைத்திருப்பவர் பென் டிரைவில் தரத் தயங்கினால், உங்களுக்குத் தர வேண்டாம், அவருடைய கம்ப்யூட்டரிலேயே தனியாக எடுத்து வைக்கும்படி கேளுங்கள். நிலையத்தில் வேலை நடக்கவில்லை என்றால் 1100 எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்குப் புகார் சொல்லலாம். எனக்குக் கடைசியில் சி.எஸ்.ஆர். கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

கடன் வாங்கி ஆட்டோவைச் சரி செய்துவிட்டேன், எஃப்.சி.யும் முடிந்துவிட்டது. ஆனால் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லாமல் ரோட்டோரம் நிறுத்துகிறவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். நாளைக்கு இது அவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும். இந்தக் கடிதத்தின் நகலையும், என் மனு, சி.எஸ்.ஆர். நகல்களையும் ஆணையர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்,
மதுரை.