விடைபெறுகிறேன், நன்றி சொல்லிவிட்டு

அன்புள்ள உறவுகளுக்கும் தோழர்களுக்கும்,

வணக்கம். செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்து இருளர் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் தொண்டு நிறுவனக் களப்பணியாளராக இருந்த நான் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி இருளர் பெண்களுக்கு. எங்கள் வேலையில் பாதி, சாதிச் சான்றிதழுக்கு அலைவதுதான். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்குப் போனால், "அப்பா அம்மாவுக்குச் சான்றிதழ் இருக்கா?" என்பார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களிடம் அது எப்படி இருக்கும்? அந்த ஒரு காகிதம் இல்லாமல் பத்தாவதோடு நின்றுபோன பிள்ளைகள் எத்தனையோ பேர். அப்படி ஒரு விசாரணையில் ஒரு பாட்டி எழுந்து நின்றார். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் போய்த் தங்குவதையும், விடியற்காலையில் மணலில் படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுவதையும், கல்யாணத்தை அங்கேயே முடிப்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பேத்திக்குச் சான்றிதழ் கிடைத்தது. செவிலியர் படிப்பில் சேர்ந்துவிட்டாள். அந்த அதிகாரிக்கும் என் நன்றி.

அப்புறம் எங்கள் வழக்கறிஞர். சவுக்குத் தோப்பிலும் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்கு மாட்டிக்கொண்ட குடும்பங்களை மீட்க 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் விடுதலைச் சான்று கைக்கு வரும்வரை முதலாளி பழைய கடனைச் சொல்லி மிரட்டிக்கொண்டே இருப்பார். இரவெல்லாம் உட்கார்ந்து மனு எழுதித் தந்தவர், ஒரு பைசா வாங்கியதில்லை.

மீட்டு வந்தவர்களைத் தங்கவைக்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியைக்கும், அந்த நேரத்திலும் அடுப்பு மூட்டி உப்புமா கிண்டிப் போட்ட சத்துணவு அக்காவுக்கும் என்ன சொல்வது! பசியோடு வந்த பிள்ளைகள் சாப்பிட்ட வேகம் கண்ணிலேயே நிற்கிறது. சம்பளம் தள்ளிப்போன மாதங்களிலெல்லாம் வீட்டைத் தாங்கிய என் கணவருக்கும் நன்றி.

என் இடத்துக்கு ஓர் இருளர் பெண்ணே வருகிறார். இதைவிட எனக்கு வேறு சந்தோஷம் இல்லை. நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களை அவரிடம் ஒப்படைத்துவிட்டேன். எனக்குச் செய்த உதவியை அவருக்கும் செய்யுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் களப்பணியாளர்