குளத்தைத் தேடினால் குளவி வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலுள்ள சங்கங்களும் வாசிகசாலைகளும் அலுவலகங்களும் தம்மிடமுள்ள பழைய கோவைகளைக் கணினியில் ஏற்றி, அவற்றின் முகப்பில் ஒரு தேடற் பெட்டியை வைத்து, இனி எதையும் நொடியில் எடுத்துவிடலாம் என்று கூறும் காலம் இது. அந்தப் பெட்டியில் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் விடை வருகிறது. தமிழ்ச் சொல்லைத் தட்டினால் பல வேளைகளில் அது கைவிரித்துவிடுகிறது. ‘அப்படியொரு கடிதம் இல்லை’ என்று முகாமைத்துவ உதவியாளர் சொல்வதை நம்பித் திரும்பிச் செல்பவர்களுக்கு, கடிதம் உள்ளேயே இருக்கிறது, தேடலே அதை எட்டவில்லை என்பது தெரிவதில்லை. இக்குறை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் திருத்தக்கூடியது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கமக்காரர் அமைப்பொன்றின் கூட்டக் குறிப்புகளையும் கடிதங்களையும் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து நான் கணினிப்படுத்தினேன். ஒவ்வொரு கடிதமும் ஒவ்வொரு வடிவில் இருந்தமையால், கட்டம் போட்ட அட்டவணைகளுக்குள் அவற்றை அடைக்காமல், ஒவ்வொன்றையும் தனி ஆவணமாகவே வைத்துக்கொள்ளும் மொங்கோ டீபி என்னும் ஆவணத் தரவுத்தளத்தைத் தெரிந்தெடுத்தோம். அதில் எழுத்துத் தேடலுக்கென ‘உரைச் சுட்டி’ ஒன்று உண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொல்லுக்கு எதிரே பக்க எண்ணைக் குறிப்பதுபோல, எந்தச் சொல் எந்த ஆவணத்தில் உள்ளது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதே அதன் வேலை. ஓர் ஆவணத் தொகுப்புக்கு ஒரேயொரு உரைச் சுட்டியைத்தான் அமைக்க முடியும். ஆனால் அந்த ஒன்றுக்குள் தலைப்பு, உள்ளடக்கம் எனப் பல பகுதிகளைச் சேர்த்து, தலைப்பில் வரும் சொல்லுக்குக் கூடுதல் நிறையும் கொடுக்கலாம். இந்த அளவில் அது நல்ல ஏற்பாடே.

இடர்ப்பாடு மொழியில் தொடங்குகிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ரஷ்யன், துருக்கி உள்ளிட்ட பதினைந்து மொழிகளுக்கு அச்சுட்டி இலக்கணம் அறிந்து வேலை செய்கிறது. அதாவது சொல்லின் ஈற்றைக் களைந்து அடிச்சொல்லை எடுக்கிறது, பொருள் தராத துணைச் சொற்களை ஒதுக்குகிறது. அப்பட்டியலில் தமிழ் இல்லை. எதையும் குறிப்பிடாது விட்டால் எல்லா ஆவணங்களையும் ஆங்கிலமென்றே அது எடுத்துக்கொள்ளும். ‘மொழி எதுவுமில்லை’ என்று குறித்தாலோ ஒவ்வொரு சொல்லையும் இருந்தபடியே பதிந்துகொள்ளும். இரண்டில் எதைச் செய்தாலும் தமிழுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றுதான்: எழுத்துக்கு எழுத்து ஒத்த சொல் மட்டுமே அகப்படும்.

ஆங்கிலத்துக்கு இது சிறு குறை. தமிழுக்கோ, தேடலின் உயிரே இதில்தான் இருக்கிறது. எமது குறிப்புகளில் ‘குளம்’ என்ற சொல் தனியாக நிற்கும் இடம் மிகக் குறைவு. குளத்தில், குளத்துக்கு, குளத்தின், குளங்களை, குளக்கட்டு என்றுதான் மனிதர் எழுதுவர். ‘சிறுபோகம்’ என்று தேடினால், ‘சிறுபோகத்துக்கு நீர் திறப்பது’ பற்றிய தீர்மானம் எதுவும் வராது. வேற்றுமை உருபு ஏறியதும் மகர ஈறு தகரமாகத் திரிந்துவிடுவதால், இயந்திரத்துக்கு இவை உறவற்ற வேறு வேறு சொற்கள். வீடும் வீட்டையும், ஆறும் ஆற்றிலும் அவ்வாறே.

அப்படியானால் ‘குள’ என்ற தொடக்கத்தை மட்டும் கொடுத்துத் தேடலாமே என்று எமக்குள் ஒருவர் சொன்னார். உரைச் சுட்டி சொல்லின் பாதியை ஏற்பதில்லையாதலால், எழுத்துக் கோலத்தைக் கொண்டு தேடும் வேறு வழியை நாடினோம். அது சுட்டியின் உதவியின்றி ஒவ்வோர் ஆவணத்தையும் முதலிலிருந்து படித்துக்கொண்டு போகும். சில ஆயிரம் ஆவணங்களுக்கு அது தாங்கும், இலட்சங்களுக்குத் தாங்காது. அந்த வழியில் எமக்குக் கிடைத்தவற்றுள் குளவி கொட்டியவருக்கு வழங்கிய உதவி, வரவு செலவில் ஏற்பட்ட குளறுபடி, குளிரூட்டி திருத்திய பற்றுச்சீட்டு ஆகியனவும் இருந்தன. குளிரூட்டி வந்ததற்குக் காரணம் உண்டு: கணினிகள் எழுத்துகளைப் பதிவதற்கான பொதுக் குறிமுறையான யுனிகோடில் ‘ளி’ என்பது ஓர் எழுத்தாக அன்றி, ளகரம் ஒன்றாகவும் அதன்மேல் ஏறும் இகரக் குறி ஒன்றாகவும் பதியப்படுகிறது, ஆகவே இயந்திரத்தின் கண்ணுக்குக் ‘குளிர்’ என்பதும் ‘குள’ என்றே தொடங்குகிறது.

புள்ளியின் கதை இதனினும் விசித்திரமானது. மொங்கோ டீபியின், 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த 3.2 ஆம் பதிப்பிலிருந்து, எழுத்தின் மேல் வரும் ஒலிக்குறிகளைப் பொருட்படுத்தாமல் தேடுவதே உரைச் சுட்டியின் இயல்பு. பிரெஞ்சு மொழியாளர்களுக்கு அது பெரும் வசதி. ஆனால் யுனிகோட் பட்டியலில் தமிழ்ப் புள்ளியும் அத்தகைய குறியென்றே வகைப்படுத்தப்பட்டிருப்பதால், அது உதிர்ந்துவிடுகிறது. ‘பல்’ என்று தேடுபவருக்குப் ‘பல’ என்ற சொல் உள்ள கடிதங்களெல்லாம் வந்து குவிகின்றன. தொல்காப்பியர் மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல் என்றார்; அதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தேடும்போது குறிகளை வேறுபடுத்திப் பார்க்குமாறு கட்டளையிட ஒரு தெரிவு உண்டு. அதை இடாமல் தமிழ்த் தேடலை ஒப்படைக்கக் கூடாது.

இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேடுவோரும் ஏமாறுகிறார்கள். வாகரையை உள்ளடக்கிய பிரதேசப் பிரிவின் பெயரான ‘கோறளைப்பற்று வடக்கு’ என்று தட்டினால், இரண்டில் ஏதேனும் ஒரு சொல் உள்ள ஆவணங்கள் எல்லாமே வரும். மண்முனை வடக்கும் வரும், கோறளைப்பற்று தெற்கும் வரும். முழுத் தொடரையும் மேற்கோட் குறிக்குள் இட்டால்தான் வாகரைப் பக்கத்துக் கடிதங்கள் மட்டும் நிற்கும். வேண்டாத சொல்லுக்கு முன்னே சிறு கோடிட்டால் அச்சொல் உள்ளவை விலகிவிடும். பொருத்தம் மிக்கது மேலே வர வேண்டுமெனின், அதற்குரிய மதிப்பெண்ணின்படி வரிசைப்படுத்துமாறு தனியே கேட்கவும் வேண்டும். இவ்வளவையும் பெட்டிக்குக் கீழே இரண்டு வரியில் எழுதி வைப்பதற்கு எவருக்கும் செலவில்லை.

எமது அறியாமையால் நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆவணம் எந்த மொழியில் உள்ளது என்பதைக் குறிக்க ‘லாங்குவேஜ்’ என்ற பெயரில் ஒரு பகுதியை வைத்து, அதில் தமிழ் என்று பதிந்திருந்தோம். ஆங்கிலத்தில் அப்பெயர் கொண்ட பகுதியை உரைச் சுட்டி தனக்கிட்ட கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும் என்பது எமக்குத் தெரியாது. அறியாத மொழி எனக் கூறி ஆவணங்களை ஏற்க மறுத்துவிட்டது. இரண்டு மாலைப் பொழுதுகள் அதில் கழிந்தன. சுட்டியை அமைக்கும்போதே அக்கட்டளைப் பகுதிக்கு வேறு பெயர் கொடுத்துவிடலாம் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் பாமினி இருக்கிறது. எமது பகுதிகளில் நீண்ட காலமாகத் தட்டச்சான கடிதங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளவை. திரையில் ‘அம்மா’ என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கிறது. அரைப்புள்ளியைக் கண்ட இடத்தில் சுட்டி சொல்லை இரண்டாக முறித்துவிடும். இவற்றை யுனிகோடுக்கு மாற்றாமல் தேடலைப் பற்றிப் பேசுவதே வீண். மாற்றிய பின்னரும், ‘கொ’ என்பதை ஒரே குறியாலும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரு குறிகளாலும் எழுதலாம் என்பதால், பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் சேமிப்பில் வேறாக இருக்கும் சொற்களை ஒருமைப்படுத்தியாக வேண்டும். படமாக மட்டும் ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்தே இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நாங்கள் இறுதியில் செய்தது எளிது. ஆவணத்தின் மூல வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேடலுக்கென்றே இன்னொரு பகுதியை உண்டாக்கி, அதில் உருபு களைந்த சொற்களை இட்டு, அப்பகுதிக்குச் சுட்டி அமைத்தோம். தேடுபவர் தட்டும் சொல்லும் அதே களைதலுக்கு உட்படும். ‘த்தில்’, ‘த்துக்கு’, ‘த்தை’ என முடிபவற்றை மகர ஈறாக்கும் விதி, ‘எழுத்தில்’ என்பதையும் ‘எழும்’ ஆக்கிவிட்டதால், விலக்குப் பட்டியல் ஒன்றும் தேவைப்பட்டது. இவ்வாறு கையால் செய்ய விரும்பாதவர்களுக்கும் வழியுண்டு. ஸ்னோபோல் என்னும் இலவச நிரல் தொகுதியில் தமிழ் அடிச்சொல் காணும் நிரல் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2019 இல் வெளிவந்த 12 ஆம் பதிப்பிலிருந்து அதைத் தன்னுடனேயே கொண்டுள்ளது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகார சபைகள் தம் பதிவேடுகளைப் பட்டியலிட்டும் சுட்டியிட்டும் பேண வேண்டுமென அதன் 7 ஆம் பிரிவில் விதிக்கிறது. வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், தமிழில் தேட இயலாத சுட்டியைச் சுட்டி என்று எப்படி ஏற்பது? ஆகவே, இத்தகைய மென்பொருளுக்குப் பணம் செலுத்தும் அலுவலகங்களும் சங்கங்களும், இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னர், ‘குளம்’ என்று தட்டிக் ‘குளத்தில்’ வருகிறதா, ‘பல்’ என்று தட்டிப் ‘பல’ வராதிருக்கிறதா என்பதையாவது தம் கையாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

நிரலாளர்களால் ஆகாத வேலை ஒன்று மிஞ்சுகிறது. கோறளை என்றும் கோரளை என்றும், உறுகாமம் என்றும் றூகம் என்றும், ஆரையம்பதி என்றும் ஆரைப்பற்றை என்றும் கோவைகளில் மாறி மாறி வரும் பெயர்களை இணைத்துக் காட்டும் பட்டியலை, அந்தக் கோவைகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களும் கிராம உத்தியோகத்தர்களுமே எழுத முடியும். அவர்களுள் பலர் தங்கள் பத்திரிகையை நாள்தோறும் படிப்பவர்கள். ஒவ்வொருவரும் தம் பிரிவுக்குரிய பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பிரதேச செயலகத்திலோ அருகிலுள்ள வாசிகசாலையிலோ கொடுத்துவைப்பார்களாயின், அதைத் தட்டச்சு செய்து சேர்க்கும் வேலையை எம் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கலடி, மட்டக்களப்பு.