பாட்டியின் தோடும் உன் மகளின் மோதிரமும்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் மகளுக்கு வாங்கிய மோதிரக் கல்லின் சான்றிதழில் ‘டைப் 2ஏ’ என்று அச்சிட்டிருப்பதாகவும், கடைக்காரர் அதை ‘சுத்தத்திலும் சுத்தமான வைரம்’ என்று சொல்லி விற்றதாகவும் எழுதி, கல் ஒருவேளை செயற்கையாக இருக்குமோ என்று கேட்டிருந்தாய். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் ஒரு கல்லை இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பது அந்தச் சுத்தத்தினால்தான்.

வைரம் என்பது கார்பன்தான் என்று 1797-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஸ்மித்சன் டென்னன்ட் காட்டினார். வைரத்தைத் தங்கக் குழாயில் வெடியுப்புடன் சேர்த்துச் சூடேற்றி எரித்து, அதில் கிடைத்த கரியமில வாயு, அதே எடையுள்ள கரியை எரித்தால் கிடைப்பதற்குச் சமம் என்று அளந்தார். நம் வீட்டுப் பெண்கள் அவரை மன்னிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 1934-இல் புற ஊதாக் கதிரை எந்த அளவுக்கு உள்ளே விடுகின்றன என்பதை வைத்து வைரங்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். அந்த வேறுபாட்டிற்குக் காரணம் நைட்ரஜன் என்பது 1959-இல்தான் தெரிந்தது. மண்ணிலிருந்து கிடைக்கும் கற்களில் மிகப் பெரும்பாலானவை முதல் வகை. அவற்றில் பத்து லட்சம் கார்பன் அணுக்களுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் நைட்ரஜன் அணுக்கள் வரை இருக்கலாம். நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத 2ஏ வகை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். போரான் என்ற தனிமம் கலந்தால் கல்லே நீலமாகிவிடும்; கோல்கொண்டாவிலிருந்து சென்ற ஹோப் வைரம் அப்படிப்பட்டது.

இப்போது எங்கள் பாட்டியின் ஏழுகல் தோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘ப்ளூ ஜாகர்’ என்று பெருமையாகச் சொல்வார்கள், நினைவிருக்கிறதா? தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெயின் சுரங்கத்தின் பெயர்தான் நம் ஊர் வாயில் அப்படி ஆயிற்று. சென்ற மாதம் தோட்டை இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். பதினான்கு கற்களில் பதினொன்று சொட்டு நீலம் போட்ட வேட்டியைப் போல ஒளிர்ந்தன. மூன்று மங்கலாகவே இருந்தன, ஒருவேளை பிற்காலத்தில் மாற்றிக் கட்டியவையாக இருக்கலாம். அந்த நீல ஒளி, ஓர் அணு விடுபட்ட இடத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமர்ந்திருப்பதால் வருவது. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் சூட்டில் கிடந்தால்தான் தனித்தனி நைட்ரஜன் அணுக்கள் நகர்ந்து அப்படிக் கூடும். வெயிலிலும் அந்த நீலம் சற்றே கசிந்து கல்லின் மஞ்சளை மறைப்பதால், அது இன்னும் வெள்ளையாகத் தெரியும். குடும்பமே மூன்று தலைமுறையாகச் சுத்தம் என்று கொண்டாடியது கலப்படத்தின் ஒளியைத்தான்!

கண்ணுக்குத் தெரியும் சுத்தம் வேறு. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை சொல்லும் குற்றங்களும், இன்று பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து ‘விவிஎஸ்’ (உள்ளே இருக்கும் குறைகள் மிக மிக நுண்ணியவை) என்று போடுவதும் ஒரே வேலைதான். நைட்ரஜன் நிறைந்த கல் விவிஎஸ் ஆக இருக்கலாம். நைட்ரஜனே இல்லாத கல்லுக்குள் கரும்புள்ளி இருக்கலாம். கடைகளில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்குவதால்தான் உனக்கு இந்தக் குழப்பம்.

உன் சந்தேகத்திற்கு வருகிறேன். மீத்தேனையும் ஹைட்ரஜனையும் கொண்டு ஆய்வகத்தில் அடுக்கடுக்காக வளர்க்கும் ‘சிவிடி’ வைரத்தில் நைட்ரஜனை வெளியே நிறுத்துவது எளிது. ஆகவே அவை பெரும்பாலும் 2ஏ வகையாகவே அமைகின்றன. கடைக்காரர் தொட்டு ‘பீப்’ என்று ஒலிக்கச் செய்த பேனா வெப்பம் கடத்துவதைத்தான் அளக்கிறது. சிவிடியும் வைரமே என்பதால் அதற்கும் அது ஒலிக்கும். அதற்காக 2ஏ என்றாலே செயற்கை என்று முடிவு கட்டிவிடாதே. கோஹினூர், கல்லினன் என்ற புகழ்பெற்ற இயற்கை வைரங்களும் அதே வகைதான். சான்றிதழில் ‘ஆய்வகத்தில் வளர்த்தது’ என்ற வரி எங்காவது சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பார். கல்லின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணையும் லென்ஸ் வைத்து ஒத்துப் பார். இரண்டையும் படமெடுத்து அனுப்பு. பொங்கலுக்கு வரும்போது மோதிரத்தையும் கொண்டு வா. விளக்கு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்