டிரம்பெட்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடு

மச்சான்,

திட்டாதே. உன் அம்மாவின் கருமாதிக்கு ஜொகூர் வரை வந்துவிட்டுப் போனவன் அப்புறம் ஒரு போன்கூட அடிக்கவில்லை என்று நீ நம்ம 'பெரிய காது'விடம் சொன்னாயாம். உண்மைதான், காலை ஒடித்துப் போடு. இங்கே எல்லாரும் நலம், சின்னவளுக்குச் சுங்கை பட்டாணியில் வேலை கிடைத்துவிட்டது, என் இனிப்பு நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய்.

போன வெள்ளிக்கிழமை ஜாஸ் கேட்கப் போனேன்.

சிரித்தாயிற்றா? சரி. 2004இல் இங்கே பினாங்கு பத்து ஃபெரிங்கியில் முதன்முதலாக ஜாஸ் விழா நடந்தபோது என்னைப் பாதியில் இழுத்துக்கொண்டு வந்து, மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து, "ஒருத்தன் சாவியத் தொலச்சுட்டான், மத்தவனுங்க தேடுறானுங்க" என்று சொன்னவன் நீ. அதைத்தான் இருபது வருஷமாக நானும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மருமகன்தான் கூட்டிப்போனான். சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, பழைய கடைவீட்டு மாடி, முப்பது பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். எனக்குக் கிடைத்த நாற்காலியிலிருந்து டிரம்ஸ் கைக்கெட்டும் தூரம், காது போச்சு என்றுதான் நினைத்தேன். அந்த மனிதர் குச்சியைத் தொடவே இல்லை. விசிறி மாதிரி விரிகிற கம்பிக் கொத்து இரண்டை எடுத்து (பிரஷ் என்கிறார்கள்) ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் தோலில் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பாட்டி முறத்தில் அரிசி புடைப்பாளே, அந்தச் சத்தம். ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பேஸில் அதன்காரரின் விரல்கள் பின்னால் நிதானமாக நடந்துகொண்டே இருக்கின்றன. முதலில் எல்லாரும் சேர்ந்து பாட்டை ஒருமுறை வாசித்துக் காட்டுகிறார்கள், பிறகு அதே சுருதிக்கட்டு திரும்பத் திரும்பச் சுற்ற, ஒவ்வொருவராக அதன்மேல் ஏறித் தன் கற்பனையை வாசிக்கிறார்கள். கடைசியில் நாலு பார் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்) பியானோ, நாலு பார் டிரம்ஸ் என்று மாற்றி மாற்றி அடித்தார்கள் பார், அப்படியே தனியில் மிருதங்கமும் கஞ்சிராவும் மோதுகிற மாதிரி! யாரும் எதையும் தொலைக்கவில்லை மச்சான், நமக்குத்தான் எண்ணத் தெரியவில்லை.

இதுகூடப் பெரிதில்லை. இரண்டாவது சுற்றில் பியானோக்காரர் எதுவும் சொல்லாமல் ஒரு பாட்டை மெதுவாக ஆரம்பித்தார். எங்கேயோ கேட்டது, ஆனால் பிடிபடவில்லை. நாலாவது வரியில் உள்ளங்கால் சுட்டது. நம்ம தேசபக்திப் பாட்டு 'புத்ரா புத்ரி' டா! பள்ளித் திடலில் வெயிலில் நிறுத்தி பேண்ட் வாத்தியார் நம்மை ஊதவைத்தாரே, குண்டன் மயங்கி விழுந்து டூபா நசுங்கிய அன்றைக்கு வாசித்ததும் அதுதானே. நடைபோடுகிற அந்தப் பாட்டைத் தாலாட்டு மாதிரி இழுத்து, நடுவில் என்னென்னவோ சேர்த்து வாசித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகன் பார்க்காத மாதிரி எலுமிச்சை ஜூஸைக் கலக்கிக்கொண்டிருந்தான், நல்ல பிள்ளை.

மறுநாள் விசாரித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டை எழுதியவர் நம்ம ஊர் யுரேசியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழி வந்தவர்), ஜிம்மி பாயில். 1922இல் பினாங்கில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர், அசல் ஜாஸ் பியானோக்காரர். 1971இல் போய்விட்டார், ஐம்பதைத் தொடவில்லை. நாம் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த வருஷம். ஒரு ஜாஸ்காரரின் பாட்டை அத்தனை வருஷம் ஊதிவிட்டு, ஜாஸ் என்றால் சாவி தொலைந்த கதை என்று கிண்டலடித்திருக்கிறோம். வாத்தியாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார், அந்த ஆளுக்கு நம் சட்டை பொத்தான்தான் முக்கியம்.

இப்போது கோபப்படாமல் படி. உன் அப்பா போனதும் நீ பாசிர் கூடாங்குக்கு வேலைக்குப் போனாய், முதல் சம்பளத்தில் ஒரு பழைய டிரம்பெட் வாங்கினாய், ஒருநாள்கூட ஊதவில்லை. கேட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறது என்பாய். அந்தக் குழந்தைக்கே இப்போது குழந்தை இருக்கும். கருமாதி அன்று உன் அறையில் படுத்திருந்தபோது கட்டிலுக்கு அடியில் பெட்டியைப் பார்த்தேன். மேலே தூசி இல்லை. யாரோ துடைக்கிறார்கள். அதைக் கேட்க வாய் வராமல்தான் இத்தனை மாதம் போன் அடிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

மாதக் கடைசி வெள்ளியன்று, கூட்டம் கலைந்த பிறகு யார் வேண்டுமானாலும் ஏறி வாசிக்கலாமாம். நீ வாசிக்க வேண்டாம், சும்மா வந்து உட்கார். ஆனால் பெட்டியைக் கொண்டு வா. வால்வு இறுகியிருக்கும், அதற்கென்று எண்ணெய் விற்கிறார்கள், நான் வாங்கி வைக்கிறேன். தயவுசெய்து தேங்காய் எண்ணெயைப் போட்டுவிடாதே.

பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி பிடி. இந்தப் பக்கம் துறையில் நிற்கிறேன்.