பாஸ்டன் பெட்டி வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

1773இல் பாஸ்டனில் கடலில் கொட்டப்பட்ட ஐந்து வகைத் தேயிலையை நினைவூட்டும் எங்கள் பாஸ்டன் பெட்டியைப் பற்றி இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. உள்ளே இருக்கும் ஐந்து பொட்டலங்களின் எடை ஏன் இப்படி ஏறுமாறாக இருக்கிறது என்பது ஒன்று. மூடியில் ‘விலை குறைந்த பிறகு கடலில் கொட்டப்பட்ட தேயிலை’ என்று இருக்கிறதே, ‘ஏறிய பிறகு’ என்றல்லவா இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. எடையும் சரி, அச்சும் சரி.

முதலில் எடை. 1773 டிசம்பர் 16 இரவு, அன்று பிரிட்டன் ஆண்ட அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒன்றிலிருந்த பாஸ்டன் துறைமுகத்தில், டார்ட்மவுத், எலினார், பீவர் என்ற மூன்று கப்பல்களிலிருந்து வரியை எதிர்த்தவர்கள் கொட்டிய சரக்கு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. கம்பெனிக் கணக்கில் போஹீ 240 பெட்டி, சிங்லோ 60, காங்கோ 15, ஹைசன் 15, சூசாங் 10, ஆக 340. (342 என்றும் பல புத்தகங்களில் இருக்கும்.) அந்த விகிதத்தில்தான் 100 கிராமைப் பிரித்திருக்கிறோம்: போஹீ 70 கிராம், சிங்லோ 18, காங்கோவும் ஹைசனும் நாலரை நாலரை, சூசாங் 3. உண்மையில் போஹீ பெட்டிகள் மற்றவற்றைவிடப் பெரியவை. எடைக் கணக்கில் போஹீயின் பங்கு இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும்.

இது நீலகிரியா, அசாமா என்று கேட்பவர்களுக்கு: ஐந்துமே சீனத் தேயிலை. போஹீ என்பது ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையின் பெயர், அந்த ஊர்ப் பேச்சில் திரிந்தது. அசாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலத்துக்கு வந்ததே 1839இல்தான். அன்றைய போஹீ மலிவான, முரட்டு இலை. இன்று அதே தரத்தில் யாரும் செய்வதில்லை என்பதால் வூயி மலைக் கறுப்புத் தேயிலையை வைத்திருக்கிறோம்.

இனி விலை. தேயிலை மீது இருந்த வரி ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது 454 கிராமுக்கு, 3 பென்னி. ஒரு கோப்பைக்கு இரண்டரை கிராம் போட்டால் ஒரு பவுண்டில் 180 கோப்பை வரும். ஒரு பென்னி வரிக்கு 60 கோப்பை. அன்றைக்குக் கொட்டப்பட்டது 92,000 பவுண்டுக்கு மேல். அதற்கு மொத்த வரி சுமார் 1,150 ஸ்டெர்லிங் (240 பென்னி சேர்ந்தது ஒரு ஸ்டெர்லிங் பவுண்டுப் பணம்). சரக்கின் மதிப்போ 9,659 ஸ்டெர்லிங். இந்த வரிச் சுமை தாங்காமல் ஒரு நாடு புரட்சியில் இறங்கியது என்றால் கணக்கு ஒத்துவராது.

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் 1773 மே மாதச் சட்டம் தேயிலையை மலிவாக்கியது. அதுவரை கம்பெனி தன் சரக்கை லண்டனில் ஏலம் விட வேண்டும், வியாபாரிகள் அதை வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். இடையில் ஏறும் செலவெல்லாம் விலையில் சேரும். கம்பெனியின் கிடங்கிலோ சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு தேயிலை விற்காமல் கிடந்தது, கடன் கழுத்தை நெரித்தது. புதிய சட்டப்படி கம்பெனியே நேராக அனுப்பலாம், இங்கிலாந்தில் கட்டிய சுங்கம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஹாலந்திலிருந்து திருட்டுத்தனமாக வந்த தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு விலை இறங்கியது. ஆனால் அமெரிக்காவில் வசூலாகும் அந்த 3 பென்னியை மட்டும் விடவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், நம்மைக் கேட்காமல் போட்ட வரிக்கு நாமே சம்மதித்ததாகிவிடும் என்று குடியேற்றத்து மக்கள் கண்டுகொண்டார்கள். விற்கும் உரிமையும் கம்பெனி பொறுக்கிய சிலருக்கே போனது. பாஸ்டனில் அவர்களில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள்.

இது முதல் தடவையும் அல்ல. 1763இல் பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்ததும் கடனில் மூழ்கிய லண்டன் அரசு, 1764இல் மொலாசஸ் (கரும்புச் சர்க்கரைக் கழிவுப்பாகு) மீதான வரியை ஒரு கேலனுக்கு 6 பென்னியிலிருந்து 3 ஆகக் குறைத்தது. கொதிப்பு அடங்காமல் கூடியது. பழைய 6 பென்னி பெயரளவில்தான் இருந்தது, புதிய 3 பென்னியைக் கறாராக வசூலித்தார்கள். மாட்டியவர்களை ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு) இல்லாத கடல்துறை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. மறு ஆண்டு முத்திரை வரி: பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை ஸ்டாம்ப், அதுவும் ஸ்டெர்லிங் பணத்தில். எதிர்ப்பால் 1766இல் அதை விலக்கினார்கள். விலக்கிய கையோடு, எந்த விஷயத்திலும் குடியேற்றங்களுக்குச் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டமும் போட்டார்கள்.

எங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது 1767இல் வந்த டவுன்ஷெண்ட் சட்டம். கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், தேயிலை மீது வரி. அந்தப் பணத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்க வழி செய்தது அச்சட்டம். அதுவரை பல இடங்களில் அந்தச் சம்பளத்தை ஒதுக்கியவை மக்கள் தேர்ந்தெடுத்த அவைகள். ஆளுநரை அடக்கி வைக்க அவற்றின் கையிலிருந்த கடிவாளமே அதுதான். 1770இல் மற்ற வரிகள் போனாலும் தேயிலை வரி நின்றது, கடிவாளம் திரும்பவில்லை.

ஏன் டிசம்பர் 16? கப்பல் வந்த 20 நாளுக்குள் சுங்கம் கட்டாவிட்டால் அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். நவம்பர் 28இல் வந்த டார்ட்மவுத்துக்கு டிசம்பர் 17ஓடு கெடு. சரக்கோடு திரும்பிப் போக ஆளுநர் அனுமதி தரவில்லை. ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த கப்பல் அப்படியே திரும்பிப் போயிற்று. சார்ல்ஸ்டனில் தேயிலையை இறக்கிக் கிடங்கில் பூட்டினார்கள். பாஸ்டனில் மட்டும் எல்லா வழியும் அடைபட்டது. ஈயத் தகடு பொதிந்த பெட்டிகளைக் கோடரியால் பிளந்து கொட்ட ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. கடல் வற்றிய நேரமாதலால் இலை அமிழாமல் குவிந்தது. அதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது.

கொட்டிய தேயிலைக்கு நஷ்டஈடு தரும்வரை என்று லண்டன் ஆட்சியாளர்கள் 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் குடியேற்றத்து மக்களின் ஆட்சி உரிமைகளையும் வெட்டினார்கள். செப்டம்பரில் பன்னிரண்டு குடியேற்றங்கள் ஃபிலடெல்ஃபியாவில் கூடின. 1775 ஏப்ரல் 19இல் பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, போர் தொடங்கியது. 1776 ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் 27 குறைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் தேயிலை என்ற சொல் இல்லை. எங்கள் சம்மதமின்றி வரி விதித்தது, பல வழக்குகளில் ஜூரி விசாரணையைப் பறித்தது என்பவை இருக்கின்றன. அதனால் மூடியில் இருக்கும் அந்த வாசகத்தை மாற்றப் போவதில்லை.

கடைசியாக, தயாரிக்கும் முறை. போஹீ, காங்கோ, சூசாங்: 200 மில்லி கொதித்த நீருக்கு இரண்டரை கிராம், 3 நிமிடம். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், துவர்ப்பு ஏறிவிடும். இவற்றுக்குப் பால் சேர்க்கலாம். சிங்லோ, ஹைசன் பச்சைத் தேயிலை. கொதித்த நீரை 5 நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, 2 நிமிடத்தில் வடித்துவிடுங்கள், பால் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். சூசாங் ஒரே கோப்பைக்குத்தான் வரும், ஹைசன் இரண்டு கோப்பைக்குக் கொஞ்சம் குறைவு. எனவே முதலில் போஹீயில் கை பழகிக்கொள்ளுங்கள். பிரித்த பொட்டலத்தை மசாலா டப்பா பக்கத்தில் வைத்தால் வாசனை ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வையுங்கள்.

அன்புடன்,
தேயிலைக் கடையார்