ஜார்ஜ் டவுன் கடைத்தெருக்களில் விளக்கப் பலகைகள் நிறுவவும் தமிழில் நடைவழிக் கையேடு வெளியிடவும் வேண்டி மனு

அனுப்புநர்
விண்ணப்பதாரர்,
ஆநோரத்தா சாலை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் சார்பில்,
யாங்கோன், மியான்மர்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை,
சென்னை – 600 003.

பொருள்: சென்னை ஜார்ஜ் டவுனிலும் பர்மா பஜாரிலும் உள்ள பழைய கடைத்தெருக்களுக்கு விளக்கப் பலகைகளும், நடைவழிக் கையேடும், அடிப்படை வசதிகளும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

இரங்கூன் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்லிவரும் யாங்கோன் நகரில், 1871ஆம் ஆண்டு தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காளியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்களின் சார்பில் இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்கு அனுப்புகிறோம். ஜார்ஜ் டவுனிலுள்ள பழைய கடைத்தெருக்கள் ஒவ்வொன்றின் முனையிலும் அத்தெருவின் தொழிலையும் வரலாற்றையும் சொல்லும் பலகை ஒன்றை நிறுவ வேண்டும் என்பதும், அத்தெருக்களை நடந்தே சுற்றிப் பார்க்க உதவும் தமிழ்க் கையேடு ஒன்றை மாநகராட்சி வெளியிட வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை. பர்மா பஜாருக்குத் தனியாக ஒரு பலகை கேட்கிறோம். அதற்கான காரணத்தைக் கீழே சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

எங்களில் ஒருவர் சென்னைக்குப் புறப்படுகிறார் என்று தெரிந்தால், அக்கம்பக்கத்து வீடுகளின் சாமான் சீட்டுகளெல்லாம் அவர் கைக்கு வந்து சேர்ந்துவிடும். கோயிலுக்குக் குத்துவிளக்கு, மணி, உற்சவருக்குப் பட்டு. கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை, கூறைப்புடவை, தாலிக்குண்டு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வசம்பு, திப்பிலி, சதகுப்பை. பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு அரிச்சுவடி. எல்லா வீட்டுக்கும் பஞ்சாங்கம். இவற்றையெல்லாம் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நடந்தே வாங்கிவிடக்கூடிய இடம் உலகில் எங்களுக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு, அது பாரிமுனையிலிருந்து சௌகார்பேட்டை வரை நீளும் அந்தத் தெருக்கூட்டம்.

அந்தத் தெருக்களின் தனிச்சிறப்பு, ஒரு தெருவுக்கு ஒரு தொழில் என்று அவை காலங்காலமாக அமைந்திருப்பதே. காகிதமும் கல்யாணப் பத்திரிகையும் வேண்டுமென்றால் ஆண்டர்சன் தெரு. மொத்த விலையில் துணி வேண்டுமென்றால் கோடவுன் தெரு. கண்ணாடிக்கும் சாமிப் படச் சட்டத்துக்கும் தேவராஜ முதலி தெரு. பூவுக்குப் பத்ரியன் தெரு. அந்தப் பூ வியாபாரத்தினால்தான் சுற்று வட்டாரம் முழுவதுமே பூக்கடை என்று பெயர் பெற்றது. இராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டத்தின் வாசலை ஒட்டி நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. வள்ளலார் இளமையில் நாள்தோறும் வழிபட்டுப் பாடிய முருகன் சன்னதியைத் தரிசித்துவிட்டு, வெளியே வந்ததும் அதிமதுரமும் கடுக்காயும் வாங்கிக்கொண்டு போகலாம் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அளவற்ற மகிழ்ச்சி தரும் செய்தி. கிழக்கே தம்புச் செட்டித் தெருவில், 1677ஆம் ஆண்டு சத்ரபதி சிவாஜி வந்து வணங்கியதாகச் சொல்லப்படும் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. மண்ணடியில் பவளக்காரத் தெரு, ஒரு காலத்தில் பவள வணிகம் செய்த யூதர்கள் வாழ்ந்த தெரு. நகரத்தார் விடுதி அமைந்திருப்பதும் அதே தெருவில்தான். பர்மாவில் லேவாதேவி நடத்திய நகரத்தாரின் வரலாற்றை அறிந்த எங்களுக்கு அந்தத் தெருவைக் கடந்து போவதே ஒரு தனி உணர்வைத் தருகிறது.

இவ்வளவையும் அறிந்து நடப்பவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்தாம். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஒழுங்கு கண்ணில் படுவதில்லை. நெரிசலும், தலைச்சுமையும், மீன்பாடி வண்டிகளும், மேலே பின்னிக் கிடக்கும் மின்கம்பிகளுமே கண்ணில் படுகின்றன. தெருப்பெயர்ப் பலகை இருக்கும் இடங்களிலும் பெயர் மட்டுமே இருக்கிறது. அந்தத் தெருவில் என்ன கிடைக்கும் என்பதோ, அடுத்த தெரு எது என்பதோ அதிலிருந்து தெரியவராது. எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அம்மனுக்கு வெள்ளிக் கவசம் செய்யக் கொடுப்பதற்காக வந்தபோது, வழிகாட்டுவதாகச் சொன்ன ஒருவர் அவரைத் தரகு கொடுக்கும் ஒரே கடைக்கு அழைத்துச் சென்று, வேறு கடைகளே இல்லை என்று நம்பவைத்துவிட்டார். அத்தகைய பட்டறைகள் அடுத்தடுத்து இருக்கும் தெரு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. தெருமுனையில் நான்கு வரி எழுதிய பலகை ஒன்று இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்பதைத் தாங்கள் எளிதில் உணர்வீர்கள்.

2019ஆம் ஆண்டில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டை வரை ஓடத் தொடங்கியதிலிருந்து, உயர்நீதிமன்றம், மண்ணடி நிலையங்களில் இறங்கினால் சில நிமிட நடையில் இந்தத் தெருக்களை அடைந்துவிடலாம். வழி எளிதாகிவிட்ட பிறகும் நிலையத்தின் படியேறி வெளியே வருகிறவர் திகைத்து நிற்கும் நிலை இன்னும் மாறவில்லை. ஆகவே முதல் பலகை அங்கேயே, மெட்ரோ நிறுவனத்தின் இசைவுடன், தெருக்களின் வரைபடமாக அமைவது நல்லது என்று கருதுகிறோம். இராஜாஜி சாலையிலிருந்து மேற்கே லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, ஆர்மீனியன் தெரு, பிரகாசம் சாலை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தங்கசாலைத் தெரு என்று வடக்குத் தெற்காக ஓடும் நீண்ட தெருக்களையும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் சிறு தெருக்களையும் ஒரே பார்வையில் காட்டிவிட்டால், புதிதாக வருகிறவருக்குப் பாதித் தயக்கம் நீங்கிவிடும்.

பலகைகளில் வரலாற்றையும் எழுத வேண்டும் என்று கேட்பதற்கு எங்கள் நகரத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. யாங்கோனில் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மரபுச்சின்ன அறக்கட்டளை, 2014 முதல் நகரின் பழைய கட்டடங்களில் நீல நிற வட்டப் பலகைகளைப் பதித்து, மியான்மர் மொழியிலும் ஆங்கிலத்திலும் அக்கட்டடத்தின் கதையைச் சில வரிகளில் எழுதிவைத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அவற்றை நின்று வாசிக்கிறார்கள். பெரியவர்கள் மொகல் தெரு என்று சொல்வதுதான் இப்போதைய ஷ்வே பொந்தா தெரு என்பதையும், சூரத்தி பஜார் என்று சொல்வதுதான் தெயின்ஜி சந்தை என்பதையும் வீட்டில் கேட்டறிந்த பிள்ளைகளுக்கு, தங்கள் ஊரைப்பற்றி மேலும் கேட்க வேண்டும் என்ற ஆர்வம் இந்தப் பலகைகளால் வளர்ந்திருக்கிறது. இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகியிருக்கும் என்று தோன்றவில்லை. எதை எழுதுவது என்பதைக் கற்றவர்கள் கூடிச் சரியாகத் தீர்மானித்தார்கள் என்பதுதான் முக்கியம்.

சென்னையில் எழுதுவதற்குச் செய்தி குறைவாகவா இருக்கிறது? புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகிலிருந்த பழைய குடியிருப்பை இடித்துவிட்டு, அந்த வெளியில் இனி எவரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லை குறிக்கக் கிழக்கிந்தியக் கும்பெனியார் 1773இல் நட்ட ஆறு தூண்களில் எஞ்சிய ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. தினமும் அதைக் கடந்து செல்லும் ஆயிரக்கணக்கானவர்களில் அது என்னவென்று அறிந்தவர் மிகச் சிலரே. தங்கசாலைத் தெரு கும்பெனியின் நாணயச்சாலையால் பெயர் பெற்றது. முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நடுவே கிடந்த தாழ்வான நிலத்தை மேடாக்கி ஸ்டீபன் பாப்ஹம் என்பவர் அமைத்த அகன்ற வீதியே பிராட்வே, அதாவது இப்போதைய பிரகாசம் சாலை. இல்லாமற்போனவற்றையும் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்குச் சென்றது. 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகங்கள் விற்ற குஜிலி பஜாரின் பெயரும் வழக்கொழிந்து வருகிறது. எங்கள் பாட்டனார் காலத்தில் கப்பலேறி வந்த தமிழ்ச் சிறு நூல்கள் பல அந்தக் கடைகளிலிருந்து வந்தவை. இடம் மறைந்த பிறகு பெயரும் நினைவும் சேர்ந்து மறைந்துபோவதைத் தடுக்க, ஒரு பலகையேனும் வேண்டாமா?

இனி, பர்மா பஜார். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964 மார்ச் மாதத்தில் இரங்கூன் கடைகள் நாட்டுடைமையாயின. அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறித் தமிழ்நாடு வந்து சேர்ந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஒரு பகுதியினருடைய பிழைப்புக்காகவே 1969ஆம் ஆண்டு கடற்கரை இரயில் நிலையத்தின் எதிரில் இராஜாஜி சாலை ஓரமாகச் சிறு கடைகளைத் தமிழ்நாடு அரசு அமைத்துக் கொடுத்தது. எங்கள் குடும்பங்களில் அண்ணன் அங்கே சென்று, தம்பி இங்கே தங்கியவர்கள் உண்டு. அத்தை மகள் வியாசர்பாடியில், மாமன் மகன் யாங்கோனில் என்று பிரிந்தவர்கள் உண்டு. ஆனால் இன்றைய இளைஞர்களுக்குப் பர்மா பஜார் என்றால் மலிவு விலைச் செல்பேசிப் பாகங்களும் அனுமதியற்ற வட்டுகளும் விற்ற இடம் என்றுதான் தெரிந்திருக்கிறது. ஊரையும் தொழிலையும் இழந்து வந்தவர்கள் நடைபாதையில் நின்று மீண்டும் வாழ்க்கையைக் கட்டியெழுப்பிய இடம் அது என்பதைச் சொல்ல அங்கே ஒரு வரியேனும் இருக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. அருகில் செகண்ட் லைன் பீச் சாலையில் மாலை நேரத்தில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் உணவும், வாழைத்தண்டு போட்ட மொயிங்கா சூப்பும், முட்டை மசாலாவும் விற்கும் தள்ளுவண்டிகளையும் அந்தப் பலகையில் சேர்த்துக் குறிப்பிடலாம். எங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சென்னை மக்கள் தங்கள் சாப்பாடாகவே ஏற்றுக்கொண்டிருப்பதைக் காணும்போது எங்களுக்கு மனம் நிறைகிறது.

இக்கோரிக்கையினால் அத்தெருக்களில் பிழைக்கும் எவருக்கும் இடையூறு நேரக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். சுற்றுலாவுக்காகத் தெருவை அழகுபடுத்துகிறோம் என்று தொடங்கி, நடைபாதை வியாபாரிகளை வேறெங்கோ அனுப்புவதில் முடிந்த கதைகள் பல ஊர்களில் உண்டு. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம், 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும், தானாகவே உருவான இயற்கைச் சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்கவும், அங்குள்ள சாலையோர வியாபாரிகளை இடமாற்றம் செய்யாதிருக்கவும் வழிசெய்கிறது. பூக்கடை, ஈவினிங் பஜார் போன்ற பகுதிகள் இதற்குத் தகுதியுடையவையா என்பதை நகர விற்பனைக் குழுவின் முன்வைத்து ஆராய வேண்டுகிறோம். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் மாநகராட்சி அமைத்த அகன்ற நடைபாதை வளாகத்தை எங்களவர்கள் மகிழ்ச்சியோடு பயன்படுத்தியிருக்கிறார்கள். எனினும் ஜார்ஜ் டவுனின் ஒடுங்கிய தெருக்களில் சரக்கு ஏற்றி இறக்குவதே வியாபாரத்தின் உயிர் என்பதால், அந்த முறையை அப்படியே இங்கு கொண்டுவருவது பொருந்தாது என்பது எங்கள் எண்ணம். சரக்கு வண்டிகள் அதிகம் வராத முற்பகல் நேரம் எந்தெந்தத் தெருவுக்கு எது என்று வியாபாரிகளையே கேட்டுக் கையேட்டில் குறித்தால், வாங்க வருவோருக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் சிரமம் குறையும்.

பெண்களுக்குத் தூய்மையான கழிப்பறை, குடிநீர், முதியோர் சற்று உட்கார நிழலான இடம், வாங்கிய பொருட்களைச் சில மணி நேரம் நம்பி வைத்துச்செல்லப் பொருள் காப்பறை ஆகியவை பாரிமுனைக்கு அருகில் ஓரிடத்திலாவது அமைய வேண்டும். கழிப்பறை இல்லாத காரணத்தாலேயே எங்கள் வீட்டுப் பெண்கள் பாதி நாளில் திரும்பிவிடுகிறார்கள் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறோம்.

கையேட்டைப் பொறுத்தவரை, அது தமிழில் முதலில் எழுதப்பட்டு, பிறகு மற்ற மொழிகளுக்குச் செல்ல வேண்டும் என்று விரும்புகிறோம். தமிழ் வாசிக்கத் தெரிந்தும் சென்னையை அறியாத அயலகத் தமிழர்கள் மியான்மரில் மட்டுமல்லாமல் மலேசியாவிலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் இருக்கிறார்கள். தெருவின் பெயர், பழைய பெயர், அங்கு விற்கும் பொருள், சில்லறைக்குக் கொடுப்பார்களா மொத்தமாக மட்டும்தானா, வார விடுமுறை நாள், அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நல்ல உணவுக்கடை ஆகிய விவரங்கள் இருந்தால் போதும். மாநகராட்சி இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும்படி வைத்தால், பயணத்துக்கு முன்பே எங்கள் வீடுகளில் அச்சிட்டு எடுத்துக்கொள்வோம்.

பர்மா பஜார் பலகைக்கான வாசகத்தைத் தயாரிக்கும்போது, 1960களின் வெளியேற்றத்தை நேரில் கண்ட எங்கள் முதியவர்களின் நினைவுகளையும், எங்களிடம் பாதுகாப்பாக இருக்கும் அக்காலத்துக் கடைப் புகைப்படங்களையும் வழங்க ஆயத்தமாக இருக்கிறோம். அந்த முதியவர்கள் தளர்ந்துவருவதால், மற்றப் பலகைகளுக்குக் காலம் எடுத்தாலும் இந்த ஒன்றை மட்டும் முன்னதாக எடுத்துக்கொண்டு, பொறுப்பான அலுவலர் ஒருவரை நியமித்து எங்களுக்குத் தெரிவிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
விண்ணப்பதாரர்,
ஆநோரத்தா சாலை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் சார்பில்.

இடம்: யாங்கோன்

நகல்: ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை – தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும் பணிவுடன் அனுப்பப்படுகிறது.